வாயும் வயிறுமாக இருப்பவளின் வீட்டாருக்கு

அன்புள்ள அம்மாக்களே, மாமியார்களே, நாத்தனார்களே, இதைப் படிக்க நேரம் கிடைத்தால் கணவன்மார்களே,

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால், அவள் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவள் இல்லை. நீங்கள்தான். நானும் ஒரு மாமியார் என்பதால் தெரிந்தே சொல்கிறேன். அதனால்தான் இந்த மடலை அவளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் காவிரிப் படுகை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்குள் எனக்குப் பெயர் ‘நர்ஸம்மா’. 1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இருந்த பெரிய ஆயுதம் எடை பார்க்கும் மெஷின்தான். அன்றைக்கு அதில் ஏறி நின்ற கர்ப்பிணிகள் பலருக்கு முள் 40 கிலோவைத் தொடவே திணறும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு, வெற்றிலை பாக்கால் பசியை அடக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டுக் கிழவிகள் வேறு, ‘வயித்துப் புள்ள பெருத்துட்டா பெத்தெடுக்கறது கஷ்டம், அரை வயிறு போதும்’ என்று சோற்றைக் குறைப்பார்கள். ‘இன்னும் ஏறலையே, ரெண்டு கவளம் சேர்த்துச் சாப்பிடக் கூடாதா’ என்பதுதான் அந்த நாளில் நான் பாடிய பாட்டு.

ஓய்வு பெறுவதற்குப் பத்து ஆண்டு முன்பே பாட்டு மாறிவிட்டது. ‘இவ்வளவு ஏறிடுச்சே, வாயைக் கட்ட மாட்டியா?’ இப்படித்தான் கேட்டேன். மாறியது என் ஊர் மட்டும் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கூடுதல் எடையுள்ளவர்கள் 2015–16இல் 30.9 சதவீதம். 2019–21இல் 40.4 சதவீதம். நாலைந்து ஆண்டுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். நாலே ஆண்டில் அத்தனை பெண்களுக்கும் ஒன்றாக வாய் நீண்டுவிட்டதா? அந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. முள்ளைப் பார்த்தேன், ஏசினேன், அட்டையில் எழுதினேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

என் வாயை அடைத்தது என் மருமகள்தான். அவளுக்கு நான்காம் மாதம். எடை கொஞ்சம் கூடுதலான உடம்பு. நகரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, ‘இப்படியே தின்னுக்கிட்டு இருந்தா புள்ளைக்குத்தான் ஆபத்து’ என்றார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘அத்தை, நீங்களும் இப்படித்தான் சொல்லியிருப்பீங்களா?’ என்று கேட்டாள்.

சொல்லியிருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று எண்ணிப் பார்க்கவே கூசுகிறது.

அவள் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித் தருகிறவள். அடுத்த சில மாதங்கள் முருங்கைக்கீரை ஆயும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் அவள் எனக்கு வாத்தியார் ஆனாள். 34 வருஷம் மெஷின் முள்ளை மட்டும் பார்த்த நான், முள் காட்டாத ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

கர்ப்பிணியை நாம் ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்கிறோம். வயிறு என்றால் நமக்குக் கருப்பைதான் நினைவுக்கு வரும். வாய்க்கும் கருப்பைக்கும் நடுவே இன்னொரு ஊர் இருக்கிறது. குடல். ஒரு மனித உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில். அத்தனையையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோகூடத் தேறாது. ஆனால் அந்தக் கால் கிலோவுக்குள் நடக்கிற வேலை கொஞ்சநஞ்சம் இல்லை.

கீரையிலும் பயறிலும் தவிட்டிலும் இருக்கிற நாரை நம் குடல் செரிக்காது. அது பெருங்குடல் வரை அப்படியே போய்ச் சேரும். அங்கே இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துத் தின்று, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். அந்தச் சுவரில் இருக்கிற செல்களுக்கு இந்தப் பியூட்டிரேட்தான் சோறு. சோறு கிடைத்தால் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகக் கைகோத்து நிற்கும். நார் போகாமல் எண்ணெயும் சர்க்கரையும் மாவுமே போய்க்கொண்டிருந்தால் அந்த ஊரின் குடிமக்கள் மாறுவார்கள், சுவரும் தளரும். அப்போது சில பாக்டீரியாக்களின் மேல்தோலில் இருக்கிற லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் இரத்தத்துக்குள் கசியும். பெல்ஜியத்தில் பாட்ரிஸ் கானி குழுவினர் 2007இல் இதைத்தான் எலிகளிடம் காட்டினார்கள். கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளின் இரத்தத்தில் அந்தப் பொருள் கூடியது. அதைத் தொடர்ந்து உடம்பு முழுக்க இலேசான அழற்சி வந்தது, இன்சுலின் வேலை செய்வதும் மட்டுப்பட்டது.

அழற்சி என்பது நமக்குப் புதிது இல்லை. காலில் முள் குத்தினால் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறதே, அதுதான். காவலுக்கு இருக்கிற செல்கள் எதிரியை அடிக்க ஓடிவரும் ஆரவாரம் அது. முள்ளை எடுத்தால் அடங்கிவிடும். நான் சொல்கிற அழற்சிக்குச் சிவப்பு கிடையாது, காய்ச்சல் கிடையாது, வலியும் கிடையாது. நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல், உள்ளே கங்கு. வருஷக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும்.

உடம்பில் சேர்கிற கொழுப்பும் இந்தக் கங்குக்கு விறகு. கொழுப்பு என்றால் மிச்சச் சாப்பாட்டைக் கட்டிவைத்த மூட்டை என்றுதான் என் காலத்துப் பாடத்தில் படித்தோம். 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் கண்டார்கள். 2003இல் இரண்டு குழுக்கள், பருத்த உடம்பின் கொழுப்புக்குள் காவல் செல்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதைப் பார்த்தன. அதற்குப் பிறகு கொழுப்பை வெறும் மூட்டை என்று யாரும் சொல்வதில்லை.

இதெல்லாம் கர்ப்பிணிக்கு என்ன செய்யும்? அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அழற்சி என்ற சொல்லைக் கேட்டாலே நீங்கள் பயந்துவிடுவீர்கள். கர்ப்பத்தில் அழற்சிக்கு ஒரு முறையான இடம் உண்டு. கரு வந்து ஒட்டிக்கொள்ளும்போது கருப்பையில் கொஞ்சம் அழற்சி வேண்டும். நடு மாதங்களில் அது அடங்கியிருக்க வேண்டும், பிள்ளை வளரும் காலம் அது. இடுப்பு வலி தொடங்கும்போது மறுபடியும் தலைதூக்கிப் பிரசவத்தை நடத்திவைக்கும். மேளம் எப்போது கொட்ட வேண்டுமோ அப்போது கொட்ட வேண்டும், எப்போது ஓய வேண்டுமோ அப்போது ஓய வேண்டும். தாய்க்கு எடை மிகுந்திருந்தால் அடங்க வேண்டிய மாதங்களிலும் கங்கு முழுதாக அடங்குவதில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 2008இல் வெளியான ஆய்வில், பருத்த தாய்மாரின் நஞ்சுக்கொடியில் காவல் செல்கள் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தன. தாயின் இரத்தத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற வாசற்படி அந்த நஞ்சுக்கொடி. கங்கின் வெக்கை வாசல் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

குடல் ஊரைப் பற்றி அதிகம் சொன்னவர்கள் பின்லாந்துக்காரர்கள். எடை கூடிய கர்ப்பிணிகளின் குடலில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் மற்றவர்களிடம் இருப்பதிலிருந்து வேறுபடுகிறது என்று அங்கே 2008இலேயே எழுதினார்கள். 2012இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. 91 பின்லாந்துக் கர்ப்பிணிகளின் மலத்தை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எடுத்துப் பார்த்தார்கள். பிரசவம் நெருங்க நெருங்க, பியூட்டிரேட் தருகிற ஒரு நல்ல பாக்டீரியா குறைந்திருந்தது. அழற்சியோடு தொடர்புடைய சில இனங்கள் கூடியிருந்தன. பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் இரண்டு மாதிரியையும் தனித்தனியே விட்டார்கள். கடைசி மாதங்களின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு அதிகம் சேர்ந்தது, சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைந்தது.

நோய் என்று சொல்லத் தோன்றுகிறது, இல்லையா? கர்ப்பத்தில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. கடைசி மாதங்களில் தாயின் உடம்பு இன்சுலினுக்குக் கொஞ்சம் காது கொடுக்காமல் இருக்கிறது. அதனால் இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் தான் எடுத்துக்கொள்ளாமல் பிள்ளைக்கு விட்டுவிடுகிறது. தன் தட்டிலிருந்து எடுத்துப் பிள்ளை தட்டில் போடும் வேலையை அம்மாக்கள் பிள்ளை பிறந்த பிறகுதான் தொடங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். உடம்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சிக்கல் எங்கே என்றால், ஏற்கெனவே கங்கு கனன்றுகொண்டிருக்கிற உடம்பில் இந்தக் கூடுதல் பாரமும் ஏறும்போதுதான். அளவு மீறினால் அதற்குப் பெயர் கர்ப்பகாலச் சர்க்கரை.

எல்லா ஆய்வும் ஒரே பாட்டைப் பாடவில்லை என்பதையும் மருமகள் சொல்லிவைத்தாள். 2015இல் ஸ்டான்ஃபோர்டில் வாராவாரம் மாதிரி எடுத்துப் பார்த்தவர்கள், கர்ப்ப காலம் முழுக்கக் குடல் பாக்டீரியா பெரிதாக மாறவில்லை என்றார்கள். ஊருக்கு ஊர், சாப்பாட்டுக்குச் சாப்பாடு வேறுபடுகிறது. பின்லாந்துக் குடல் தஞ்சாவூர்க் குடல் ஆகிவிடாது. ஆகவே ஒரு பாக்டீரியாவின் பெயரைச் சொல்லி, ‘இதுதான் குற்றவாளி’ என்று யாராவது உங்களிடம் மாத்திரை விற்றால், பணத்தை முந்தானையிலேயே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. நல்ல பாக்டீரியாவை மாத்திரையாகக் கொடுத்தால் முடிந்துபோகாதா என்று நானும் கேட்டேன். ஆஸ்திரேலியாவில் எடை கூடிய 411 கர்ப்பிணிகளிடம் அதைச் செய்து பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பாக்டீரியா மாத்திரை சாப்பிட்டவர்களில் 18.4 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது. பாக்டீரியா இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 12.3 சதவீதம் பேருக்குத்தான். பலன் இல்லை. இது போன்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, இந்த மாத்திரைகளால் கர்ப்பகால இரத்தக் கொதிப்பு நோய் கூடக்கூடும் என்றும் எச்சரித்தது. ஆகவே டாக்டர் எழுதித் தராமல் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, கர்ப்பமான பிறகு சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தினால்? லண்டனை மையமாகக் கொண்டு, உடல் பருமன் உள்ள 1,555 கர்ப்பிணிகளிடம் அதைச் செய்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்கள் சாப்பாடு நன்றாக மாறியது. எடையும் கொஞ்சம் குறைவாக ஏறியது. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை குறையவில்லை. படித்ததும் எனக்குச் சோர்வாக இருந்தது. யோசித்தபோதுதான் அதற்குள் இருந்த செய்தி புரிந்தது. பத்துப் பதினைந்து ஆண்டாகச் சேர்ந்த கங்கை, நாலு மாதத்தில் ஒரு பெண் தனியாக ஊதி அணைக்க முடியாது. அவளைக் கூட்டத்தில் வைத்து ஏசினாலும் அணையாது. கல்யாணத்துக்கு முன்பிருந்து, அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, எந்த உலையில் பொங்கியதைச் சாப்பிட்டாளோ அந்த உலையைக் கேட்க வேண்டிய கேள்வியை நான் 34 வருஷம் அவளிடமே கேட்டிருக்கிறேன்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான். அவள் எடையைப் பார்க்கிற கண்ணைக் கொஞ்சம் திருப்பி, வீட்டு அடுப்பைப் பாருங்கள்.

‘எங்க வீட்டுப் பொண்ணு ஒல்லி, எங்களுக்கு இது வேண்டாம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மவர்களுக்கு ஒல்லி என்பதும் கண்ணைக் கட்டுகிற வித்தை. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த பிள்ளைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் பிறந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். புனேப் பிள்ளை சராசரி 2.7 கிலோ, சவுத்தாம்டன் பிள்ளை 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் புனேப் பிள்ளைக்குக் குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிவு, உள்ளே கொழுப்பு. அதனால்தான் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு உடல் நிறை எண் 25 என்றால், நம் பெண்களுக்கு 23லேயே கவனம் வேண்டும் என்கிறார்கள். சென்னையில் டாக்டர் வி. சேஷையா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கர்ப்பகாலச் சர்க்கரை நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரத்தில் 13.8, கிராமத்தில் 9.9. வரப்பில் நடக்கிற கிராமத்திலேயே ஏறக்குறைய பத்தில் ஒருத்தி.

அதே டாக்டர் சேஷையா வகுத்துக் கொடுத்த பரிசோதனைதான் இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் சர்க்கரை. குமட்டும், சில பெண்கள் வாந்தி எடுத்துவிடுவார்கள். ‘எதுக்கு இந்த வதை’ என்று வீட்டுக்குக் கூட்டிப்போன மாமியார்களை எனக்குத் தெரியும். கூட்டிப்போகாதீர்கள். கூட உட்கார்ந்திருங்கள். நீறு பூத்த நெருப்பை ஊதிப் பார்க்கிற ஊதுகுழல் அது.

இன்னொன்றை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே தப்பு செய்திருக்கிறேன். ‘அவ உடம்புக்கு இரத்தத்துக்கு என்ன குறைச்சல், பார்த்தாலே தெரியுதே’ என்று பருத்த பெண்களின் இரும்புச்சத்து மாத்திரையைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் விட்டதுண்டு. 40.4 சதவீதப் பெண்கள் கூடுதல் எடை என்று சொன்ன அதே ஆய்வுதான் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்றும் சொல்கிறது. எடையும் சோகையும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்தும். அதற்கும் இந்த அழற்சி ஒரு காரணம். உள்ளே கங்கு கனன்றால் ஈரல் ஹெப்சிடின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கும். அது குடலின் இரும்புக் கதவைச் சாத்திவிடும். கீரையில் இருந்த இரும்பும் மாத்திரையில் இருந்த இரும்பும் வாசலோடு திரும்பும். ஆகவே எடை கூடியவளுக்குத்தான் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் இன்னும் கறாராக நடக்க வேண்டும். மாத்திரையைக் காப்பியோடும் டீயோடும் விழுங்க விடாதீர்கள். ஒரு நெல்லிக்காயோ, ஒரு கொய்யாத் துண்டோ, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ கூட இருந்தால் நல்லது.

இனி அடுப்படிக்கு வருவோம்.

‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று இரட்டிப்பாகப் பரிமாறுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் கர்ப்பிணிக்கு நாளைக்கு வேண்டிய கூடுதல் 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான், முடிந்தது. அதற்காக எடை ஏறவே கூடாது என்று அவளைப் பட்டினி போட்டுவிடாதீர்கள், விரதம் இருக்க விடாதீர்கள். உடல் பருமன் உள்ளவளுக்குக்கூடப் பத்து மாதத்தில் 5 முதல் 9 கிலோ வரை ஏறலாம் என்பது 2009இல் அமெரிக்காவில் வகுத்த வரையறை. இயல்பான எடைக்காரிக்கு 11.5 முதல் 16 கிலோ. மெலிந்தவளுக்கு இன்னும் அதிகம். அவளுக்கு எவ்வளவு என்பதை அவள் டாக்டர் சொல்லட்டும்.

கறிகாயை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? ‘தொட்டுக்க என்ன?’ என்றுதான் கேட்கிறோம். மலை போலச் சோறு, தொட்டுக்க ஒரு கரண்டிப் பொரியல். சும்மா தொட்டால் குடல் ஊருக்குப் போதாது, அள்ளிச் சாப்பிட வேண்டும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு என்று அந்தந்த நாளில் மலிவாகக் கிடைப்பதைக் கூட்டுங்கள். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை என்று தினம் ஒன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேழ்வரகோ கம்போ. ஒரே கீரையைத் திரும்பத் திரும்ப வைக்காமல் முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை என்று மாற்றுங்கள். குடலில் ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒவ்வொரு நார் பிடிக்கும். பலவகை போனால்தான் பலவகை பிழைக்கும்.

‘நாங்கதான் தினம் இட்லி சாப்பிடறோமே, அதுல இல்லாத நல்ல கிருமியா?’ என்று கேட்பீர்கள். மாவில் இருக்கிறது. ஆவியில் வேகும்போது செத்துவிடுகிறது. இட்லி நல்ல சாப்பாடு, அதில் சந்தேகம் இல்லை. உயிரோடு கிருமி வேண்டுமென்றால் தயிரும் மோரும். பழைய சோற்றில் இன்னொரு நன்மை உண்டு. வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறி, நாரைப் போலவே குடல் பாக்டீரியாவுக்குப் போய்ச் சேரும். ஆனால் கர்ப்பிணிக்குக் கொடுப்பதானால் காய்ச்சி ஆறிய தண்ணீர், சுத்தமான பானை, முதல் நாள் இரவு ஊற்றியது மட்டும். மூன்று நாள் பழையது வேண்டாம்.

இதையெல்லாம் ‘அவளுக்காக’ என்று தனிச் சட்டியில் சமைக்காதீர்கள். தனிச் சட்டி தண்டனை. வீட்டில் எல்லோரும் பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட, அவள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கேழ்வரகுக் களி விழுங்கினால் அது எத்தனை நாள் நடக்கும்? பொதுச் சட்டியே மாற வேண்டும். எங்கள் வீட்டில் மாற்றியபோது முதலில் முகம் சுளித்தது என் மகன்தான். ‘எனக்கா பிள்ளை பிறக்கப் போகுது?’ என்றான். ‘ஆமாம், உனக்கும்தான்’ என்றேன். எனக்கே பத்து வருஷமாகச் சர்க்கரை. அந்தச் சட்டி எனக்கும் வேண்டியதுதான்.

ஜப்பானில் இக்குவோ கிமுரா குழுவினர் 2020இல் எலிகளிடம் ஒன்று பார்த்தார்கள். கர்ப்பத்தில் நார் மிகுந்த தீனி தின்ற தாயின் குடலில் உண்டான கொழுப்பு அமிலங்கள் கருவில் இருந்த குட்டி வரை போய்ச் சேர்ந்தன. அந்தக் குட்டிகள் வளர்ந்து கொழுப்புத் தீனி தின்றபோதும் எளிதில் பருக்கவில்லை. நார் கிடைக்காத தாயின் குட்டிகள் பருத்தன, சர்க்கரையும் கூடியது. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிண்ணம் சுண்டலால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

சாப்பாட்டுக்கு வெளியே மூன்றே விஷயம். சாப்பிட்டதும் படுக்கவிடாமல், டாக்டர் தடை சொல்லாதவரை, பத்துப் பதினைந்து நிமிஷம் அவளை நடக்கவிடுங்கள், துணைக்கு நீங்களும் நடங்கள். காய்ச்சல், சளி என்றால் மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது குடல் ஊரில் நல்லவர் கெட்டவர் பார்க்காமல் வெட்டும். டாக்டர் கொடுத்தால், நாளைக் குறைக்காமல் முழுதாகச் சாப்பிட வையுங்கள். மூன்றாவது, பிள்ளை பிறந்ததும் சீம்பாலைப் பிழிந்து கொட்டாதீர்கள். தாய்ப்பாலில் பிள்ளையால் செரிக்கவே முடியாத சர்க்கரை வகைகள் ஏராளமாக இருக்கின்றன. அவை பிள்ளைக்கு இல்லை, பிள்ளையின் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாவுக்கு. பிள்ளைக்குச் சோறு போடும்போதே பிள்ளையின் விருந்தாளிக்கும் சேர்த்துப் போடுகிறது அந்தப் பால். பத்தியம் என்ற பெயரில் நாற்பது நாள் கீரையையும் காயையும் பழத்தையும் நிறுத்திவைப்பதையும் இத்தோடு விட்டுவிடுங்கள்.

கடைசியாக, வாயைப் பற்றி. அவள் வாயைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், நம் வாயைப் பற்றிக் கொஞ்சம். ‘குண்டு’, ‘தின்னி’, ‘யானைக்குட்டி’ என்ற சொற்களை வேடிக்கைக்குக்கூட வீட்டில் புழங்காதீர்கள். ஏச்சு வாங்கியவள் எடை குறைந்து நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் எடை பார்க்க வராமல் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். வராதவளின் இரத்தக் கொதிப்பை யார் பார்ப்பது? நான் ஏசி அனுப்பிய பெண்களில் யாராவது இதைப் படித்தால், தாயே, மன்னித்துக்கொள். மெஷின் சொன்னதை மட்டும் கேட்டேன், உன்னைக் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு. வழக்கம்போலச் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஐந்து வகைச் சாதம் வைத்தோம். மகிழ்ச்சிக்கு வைப்பதை நிறுத்துகிறவள் இல்லை நான். ஆனால் ஒவ்வொன்றிலும் அளவைப் பாதியாக்கினேன். பக்கத்தில் தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை என்று மூன்று அண்டாச் சுண்டல் வைத்தேன். வளையல் போட வந்த பெரியம்மா ஒருவர் பந்தியைப் பார்த்துவிட்டு, ‘இது என்னடி, வளைகாப்பா நவராத்திரியா?’ என்றார்.

‘நவராத்திரிதான் பெரியம்மா. வயித்துக்குள்ள கொலு வச்சிருக்கா’ என்றேன்.

பிள்ளையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் இருவரும் அவரைத் திருத்தவில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்